இரண்டரை மணி நேர இடைவெளி

இங்கிலாந்தின் தென்பகுதியில், லண்டன் மாநகரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே, ஒரு பெரிய விமான நிலையத்தின் அண்டையில் வளர்ந்திருக்கும் கிராலி என்னும் நகரத்தில், 1989-ஆம் ஆண்டு மே மாதத்து ஓர் இரவில், பத்தாண்டுகள் குடித்தனம் நடத்தி இரண்டு ஆண் மக்களைப் பெற்றிருந்த கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண்மணி, நள்ளிரவு வாக்கில் படுத்து, உறக்கம் பிடிக்காமல் புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, இரண்டரை மணி சுமாருக்கு எழுந்து மாடிப்படி இறங்கி வந்தார். அதன்பின் அவர் செய்த காரியங்களை நீதிமன்றம் வரிசை பிசகாமல் கேட்டறிந்தது. சில நாட்களுக்கு முன்பே வாங்கி வைத்திருந்த பெட்ரோலை ஒரு வாளியில் ஊற்றினார். அதில் காஸ்டிக் சோடாவைக் கலந்தார். சமையலறை அடுப்பில் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார். தம் கை வெந்துவிடாதபடி, சூடான தட்டுகளைப் பிடித்து எடுக்க உதவும் துணியுறை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். பிறகு, கணவன் உறங்கிக்கொண்டிருந்த அறைக்கு ஏறிப் போனார். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பார்த்தபோது, மாடி எரிந்துகொண்டிருக்க, அவர் தம் மகனை அணைத்துக்கொண்டு கீழ்த்தளத்து ஜன்னலருகே சலனமின்றி வெளியே பார்த்தவண்ணம் நின்றுகொண்டிருந்தார். கணவன் சில நாட்கள் மருத்துவமனையில் கிடந்து மரித்தான்.

அந்தத் துணியுறையைப் பற்றிச் சற்று யோசிக்கவேண்டும். கோபத்தில் அறிவிழந்தவள் தன் கை சுடுமே என்று கவலைப்படுவாளா என்று கேட்பவருக்கு, அந்த ஒரு பொருளே திட்டமிட்ட கொலைக்குப் போதிய சாட்சியாகிவிடுகிறது. பத்தாண்டுகளாகத் தினந்தோறும் அடுப்படியில் நின்ற கை, சிந்தை எங்கோ இருக்கும்போதும் பழக்கத்தின் வசத்தால் அதையே தேடி எடுக்கும் என்று நினைப்பவருக்கோ, அது வேறொரு கதையைச் சொல்கிறது. வன்முறைக் குற்றம் புரிந்த பெண்களைப் பற்றிய விசாரணை முழுவதும் இந்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டு வந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அன்று மாலை நடந்தவை யாவை? பணம் கேட்டுக் கணவன் மிரட்டியிருந்தான். மறுநாள் காலையில் அடி விழும் என்று சொல்லியிருந்தான். சூடான இஸ்திரிப் பெட்டியால் அவர் முகத்தைச் சுட்டுவிடுவதாகவும் பயமுறுத்தியிருந்தான். அதற்கு முந்திய பத்தாண்டுகளில், கணவன் தம்மைத் துன்புறுத்தலாகாது என்று 1983-இலும் 1986-இலும் இரு தடவை நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்தார். ஆணைகள் காகிதத்தில் இருந்தன. அடி வீட்டில் இருந்தது. இவற்றையெல்லாம் முதல் விசாரணையில் ஜூரிமார் அரைகுறையாகவே கேட்டனர். 1989 டிசம்பரில், லூயிஸ் நகரத்து நீதிமன்றம் அவரைக் கொலைக் குற்றவாளி எனக் கண்டு ஆயுள் தண்டனை விதித்தது.

தண்டனைக்குக் காரணம் அந்த இரண்டரை மணி நேரந்தான். ஆங்கிலேயச் சட்டத்தில், பிறரால் சினமூட்டப்பட்டுக் கொன்றவனுடைய குற்றம் சற்றே குறைந்ததாகக் கருதப்பட்டது. ஆனால் அந்தச் சினம் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதற்கு 1949-ஆம் ஆண்டில் நீதிபதி டெவ்லின் ஓர் இலக்கணம் வகுத்திருந்தார். அது திடீரென்று மூண்டதாக, தற்காலிகமாகத் தன்வசமிழக்கச் செய்ததாக இருத்தல் வேண்டும். நடுவிலே நேரம் கழிந்துவிட்டால் சினம் ஆறிவிட்டதென்றும், ஆறியபின் செய்வது பழிவாங்கல் என்றும் பொருள். அந்த இலக்கணம் எந்த வழக்கில் பிறந்தது என்று தேடிப் பார்த்தால், அதுவும் அடிபட்டு அடிபட்டு வந்த ஒரு மனைவி, படுக்கையிலிருந்த கணவனைக் கோடரியால் தாக்கிக் கொன்ற வழக்கே. அவள் குற்றவாளி என்று சொல்வதற்காக வகுக்கப்பட்ட சூத்திரம், நாற்பது ஆண்டுகள் கழித்து அவளைப் போன்ற இன்னொருத்தியின்மேல் அப்படியே பொருந்தி வந்ததில் வியப்பில்லை.

இதற்கு முந்திய சரித்திரம் இதைவிடக் கடுமையானது. 1351-ஆம் ஆண்டின் ராஜத்துரோகச் சட்டப்படி, இங்கிலாந்தில் மனைவி கணவனைக் கொல்வது வெறும் கொலையன்று. வேலைக்காரன் எஜமானனைக் கொல்வதற்கு ஒப்பான ‘சிறு ராஜத்துரோகம்’. கணவன் மனைவியைக் கொன்றால் அது சாதாரணக் கொலை. வீடு ஒரு சிறிய ராஜ்யம், அதற்கு அவன் அரசன் என்ற பாவனையில், அக்குற்றத்துக்காகப் பெண்களை எரித்துத் தண்டிக்கும் வழக்கம் 1790 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அந்தக் குற்றப்பெயரே 1828-இல்தான் ஒழிந்தது.

ஆராய்ச்சி என்ற பெயரில் வந்தவர்களும் தொடக்கத்தில் இதைவிடப் பெரிதாக விவேகம் காட்டிவிடவில்லை. இத்தாலிய மருத்துவர் சிஸேர் லொம்ப்ரோஸோ, தம் மருமகனாகப் பின்னர் ஆன குக்லியெல்மோ ஃபெரேரோவுடன் சேர்ந்து 1893-இல் குற்றவாளிப் பெண்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். மண்டையோட்டையும் தாடையையும் அளந்து பார்த்து, குற்றம் புரியும் பெண் பரிணாமப் படியில் பின்தங்கியவள், ஆணின் கொடூரமும் பெண்ணின் தந்திரமும் ஒருங்கே வாய்த்த விபரீத சிருஷ்டி என்று அவர் தீர்மானித்தார். அளவுகோல் சரியாகத்தான் இருந்தது. அளக்கவேண்டிய இடந்தான் தப்பிவிட்டது. 1950-இல் ஆட்டோ போலக் என்பவர், பெண்களும் ஆண்களுக்குச் சமமாகவே குற்றம் செய்கிறார்கள், ஆனால் வஞ்சகத்தால் மறைத்துவிடுகிறார்கள், போலீஸாரும் நீதிபதிகளும் தாட்சண்யத்தால் விட்டுவிடுகிறார்கள் என்று எழுதினார். கண்ணுக்குத் தெரியாததைச் சான்றாகக் காட்டும் வாதத்தை மறுப்பது எளிதன்று என்பதால் அது வெகுகாலம் உயிர்வாழ்ந்தது.

கணக்குகள் சொல்வதோ இது. உலகெங்கும் கொலைக் குற்றவாளிகளில் 100-க்கு 90 முதல் 95 வரை ஆண்களே என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகள் கூறுகின்றன. இந்தியச் சிறைகளில் உள்ளோரில் பெண்கள் 100-க்கு ஏறத்தாழ 4 பேர். இந்த ஏற்றத்தாழ்வு எந்த நாட்டிலும், எந்த யுகத்திலும் தலைகீழாகியதில்லை. இதற்குச் சுபாவத்தில் வேர் உண்டா என்றால், ஓரளவு உண்டு. கானடா நாட்டு ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே கண்டபடி, மனித வாழ்வில் அடிதடி உச்சத்தில் இருக்கும் பருவம் இளமைப் பருவமன்று, இரண்டு மூன்று வயதுக் குழந்தைப் பருவமே (பால்வாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இதற்குச் சான்று கேட்கமாட்டார்கள்). அந்த வயதிலேயே ஆண் குழந்தைகள் சற்று மிகுதியாக அடிக்கிறார்கள். பிறகு பெரும்பாலான குழந்தைகள் அடக்கக் கற்றுக்கொள்கின்றன. பெண்ணுக்கும் சினம் உண்டு, ஆனால் உடற்சேதம் நேரும் என்ற அச்சம் அவளிடம் விரைவில் எழுந்து கையைத் தடுக்கிறது, தாய் மாண்டால் சேயும் மாளும் என்ற ஆதிகாலக் கணக்கே அந்த அச்சத்தின் மூலம் என்று ஆன் காம்ப்பெல் என்ற மனோதத்துவ அறிஞர் 1999-இல் வாதித்தார். அப்படியானால், அச்சம் கையைத் தடுக்காமல், அச்சமே கையை ஓங்கச் செய்யும் சந்தர்ப்பம் எது என்பதே கேட்கத்தக்க கேள்வியாகிறது.

ஆதாயத்துக்காகக் கொன்ற பெண்கள் இல்லாமலில்லை. காப்பீட்டுத் தொகைக்கும் வசதிக்குமாகச் சொந்த மனிதர்களுக்கு ஆர்ஸெனிக் பாஷாணம் ஊட்டி, 1873-இல் டர்ஹம் சிறையில் தூக்கிலிடப்பட்ட மேரி ஆன் காட்டனும், ஈ ஒட்டும் காகிதத்தை ஊறவைத்து அதே பாஷாணத்தை வடித்தெடுத்து ஆண்டுக்கணக்கில் விநியோகித்த ஹங்கேரி தேசத்து நாகிரேவ் கிராமத்துப் பெண்களும் சரித்திரத்தில் இருக்கிறார்கள். பத்திரிகைகளுக்கும் நாவலாசிரியர்களுக்கும் அவர்கள்மீது தீராத மோகம். பெண் செய்யும் கொலை எல்லாமே அடிமைத்தனத்தின் விளைவு என்று சாதிப்பது என் நோக்கமன்று. அப்படிச் சாதிப்பது, பெண்ணுக்குச் சொந்தமாகத் தீமை செய்யும் சக்திகூட இல்லை என்று சொல்வதாகும். ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தவை நாகிரேவ் கொலைகள் அல்ல. மார்வின் வுல்ஃப்கேங் என்பவர், ஃபிலடெல்ஃபியா நகரத்துப் போலீஸ் கட்டுகளிலிருந்து 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளைப் பிரித்து ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட நூலில், கொலையுண்டவரே முதலில் கையை ஓங்கிய கொலைகளென 150-ஐத் தனியாக எடுத்துவைத்தார். அந்த வகையில் கொன்றவர்கள் பெண்களாக இருப்பது, மற்ற வகையைப்போல் இருமடங்கு. அவர் குறித்துவைத்த இன்னொன்றும் மறக்கமுடியாதது: மனைவியர் கொலையுண்டது பெரும்பாலும் படுக்கையறையில்; கணவன்மார் கொலையுண்டது சமையலறையில், காய்கறியும் இறைச்சியும் நறுக்கும் கத்தியால். ஆயுதத்தைத் தேடி எவளும் வெளியே போகவில்லை.

இனி அந்த இடைவெளிக்குத் திரும்புவோம். அடி ஓங்கப்படும்போது உடலில் நிகழ்வது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. மூளையின் அடியில் பாதாம்பருப்பு அளவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி ஆபத்தை உணர்ந்து சைகை கொடுக்க, சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகள் நொடிகளில் அட்ரினலினைப் பாய்ச்சுகின்றன. நாடி துடிக்கிறது, தசை இறுகுகிறது. கார்ட்டிஸோல் என்னும் மற்றொரு சுரப்பு மெல்ல எழுந்து, இருபது முப்பது நிமிஷங்களில் உச்சத்தை அடைகிறது. வித்தியாசம் இதற்கப்பால் இருக்கிறது. எதிரியைவிட உடல்வலிமை உள்ளவன், அட்ரினலின் பாய்ந்த அந்தக் கணத்திலேயே திருப்பி அடித்துவிடலாம். தன்னைவிட வலியவனை அந்தக் கணத்தில் எதிர்ப்பவளுக்கு நேர்வது இரண்டாவது அடி, முன்னதைவிடப் பலத்தது. ஆகையால் அவள் உடல் அதைக் கற்றுக்கொண்டு உறைகிறது. கை எழுவதற்கு எதிரி உறங்கவேண்டும், அல்லது முதுகு காட்டவேண்டும். ‘திடீர்ச் சினம்’ என்ற சட்டத்தின் அளவுகோல், எழுதியவர் அப்படி நினைத்து எழுதினாரோ இல்லையோ, வலிய உடல் படைத்தவனின் சினத்துக்கு எடுக்கப்பட்ட அளவாகவே அமைந்துவிட்டது. கானடாவின் உச்ச நீதிமன்றம் 1990-இல், தன்னைக் கொல்வதாக மிரட்டிவிட்டு அறையைவிட்டு வெளியேறியவனைப் பின்னந்தலையில் சுட்ட ஒரு பெண்ணின் வழக்கில், நீதிபதி பெர்த்தா வில்சன் வாயிலாக இதைத்தான் தெளிவாக எடுத்துரைத்தது: மதுக்கடைச் சண்டையில் இரு ஆண்கள் மோதுவதை மனத்தில் வைத்து வகுத்த நியாயத்தை இங்கே கொண்டுவந்து பொருத்தலாகாது, அடிபட்டு வாழ்ந்தவளுக்கு ஆபத்து எப்போது நெருங்குகிறதென்று தெரியும், அதை ஜூரிமாருக்கு விளக்க நிபுணர் சாட்சியம் வேண்டும் என்பது தீர்ப்பு.

“அப்படியானால் வீட்டைவிட்டுப் போயிருக்கலாமே?” என்ற கேள்வி நியாயஸ்தலத்திலும் திண்ணையிலும் ஒரே குரலில் எழுகிறது. இதற்கு விடையாக அமெரிக்க மனோதத்துவ அறிஞர் லெனோர் வாக்கர் 1979-இல் எடுத்துக்காட்டியது ஒரு நாய்ப் பரிசோதனை. பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல், என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சிக்கு நாய்களை உட்படுத்தினர். பின்னர், சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விட்டபோதும், அவற்றிற் பல தாண்டாமல் படுத்துக் கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்று முடிவு சொன்னார்கள். அடிபட்ட பெண்ணும் அவ்வாறே என்றார் வாக்கர். எனக்கு இந்த உவமை ஒருபோதும் ருசித்ததில்லை. இரண்டு தடையாணை பெற்றவள் படுத்துக் கிடந்தவள் அல்லள்; அடிபட்ட பெண்கள் ஓயாமல் உதவி தேடுகிறார்கள், கதவுகள்தாம் திறப்பதில்லை என்று எட்வர்ட் கொண்டோல்ஃப் 1988-இல் மறுத்தெழுதியது உண்மைக்கு அருகில் இருக்கிறது. சுவாரசியமான செய்தி, அந்தப் பரிசோதனை செய்தவர்களே, ஐம்பது ஆண்டுகள் மூளையின் நரம்புகளை ஆராய்ந்தபின் 2016-இல் தங்கள் சித்தாந்தத்தைத் தலைகீழாக்கிக்கொண்டதாகும். நீண்ட துன்பத்தில் செயலற்றுக் கிடப்பதே மூளையின் இயல்பான நிலை, அதைக் கற்கவேண்டியதில்லை. தன்னால் ஏதோ ஒன்றை மாற்றமுடியும், தப்பிக்க வழி உண்டு என்பதைத்தான் மூளை கற்கிறது. கற்றபின் அந்தக் கல்வி செயலின்மையை அடக்கிவைக்கிறது. கதவு உண்டென்று ஒருமுறை கண்டவள் மறுமுறை அதைத் தேடுவாள் என்று சாதாரணத் தமிழில் சொல்லிவிடலாம்.

சினம் திடீரென்றுதான் மூளவேண்டுமா என்ற கேள்வி சென்னையில் வேறு வழியாக எழுந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-வது பிரிவில், கொலையைக் கொலையல்லாததாக்கும் முதல் விலக்கு ‘கடுமையான, திடீர்’ சினமூட்டலையே பேசியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 101-வது பிரிவும் அச்சொற்களை மாற்றவில்லை. ஆயினும் மதராஸ் உயர்நீதிமன்றம் 1881-ஆம் ஆண்டிலேயே, கடைசிச் சம்பவத்தோடு முந்திய சம்பவங்களையும் கூட்டிப் பார்க்க இடமுண்டு என்று ஒரு வழக்கில் கண்டிருந்தது. அந்தச் சலுகை முதலில் கிடைத்தது, மனைவியின் கள்ள உறவைக் கண்டு கொன்ற ஒரு கணவனுக்கு. பெண்ணின் முறை வர ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று. 1989-இல், கிராலியில் அந்த வீடு எரிந்த அதே ஆண்டில், சென்னையில் ஒரு தீர்ப்பு வெளியாயிற்று. கணவனின் கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, குழந்தைகள் மாள, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் வழக்கு அது. நீதிபதி டேவிட் அன்னுசாமி, ‘திடீர்ச் சினமூட்டல்’ வேறு, ‘தொடர் சினமூட்டல்’ வேறு என்று பிரித்துக் காட்டினார்: பின்னதில், நீண்ட காலம் பரவிய பல செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன, கடைசிச் செயல் அற்பமானதாகக்கூட இருக்கலாம், சட்டத்தில் எழுதிய விலக்குகளோடு இதையும் ஒரு விலக்காகக் கொள்ளவேண்டும் என்றார். இத்தகைய வழக்குகளில் சென்னை நீதிமன்றம் பின்னாளில் எடுத்தாண்ட பெயர் நல்லதங்காளுடையது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு தமையன் வீட்டுக்கு வந்து, அண்ணியின் கொடுமையால் அவர்களைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தவளின் கதையை, நம் கிராமங்களில் கேட்டு அழாத தலைமுறை இல்லை. எவரும் அவளைக் கொலைகாரி என்று சொன்னதுமில்லை. பெற்ற பிள்ளைகளைக் கொல்வோரை 1969-இல் வகைப்படுத்திய ஃபிலிப் ரெஸ்னிக் என்ற அமெரிக்க மனநோய் மருத்துவர், ‘இந்த உலகத்தில் இவர்களை விட்டுச் செல்வதைவிட’ என்ற எண்ணத்தால் நிகழ்வதைத் தனி வகையாகவே வைத்தார். வில்லுப்பாட்டுக்காரர்கள் அவருக்கு வெகு காலம் முன்பே அதை அறிந்திருந்தார்கள்.

ஆக, அடிக்கும் கொலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி இரண்டரை மணி நேரமன்று, பத்து வருஷம் என்று கொண்டால், அந்தப் பத்து வருஷமும் அதன் நடுவே நிற்கும் ஸ்தாபனம் ஒன்று உண்டு. அதுதான் போலீஸ் ஸ்டேஷன்.

வெகுகாலம் போலீஸார் கணவன் மனைவி சண்டையைக் குற்றமாகவே எண்ணியதில்லை. சமாதானம் பேசி அனுப்புவதே முறை என்று அமெரிக்காவிலும் கற்பித்துவந்தார்கள். 1983-இல் கனெக்டிகட் மாகாணத்து டாரிங்டன் நகரத்தில், பலமுறை புகார் கொடுத்தும் பயனில்லாத ட்ரேஸி தர்மன் என்ற பெண்ணைப் பிரிந்துபோன கணவன் பலமுறை கத்தியால் குத்தினான். போலீஸ்காரர் வந்து நின்றபின்னும் கீழே கிடந்தவளை உதைத்தான். அவர் நகராட்சிமேல் வழக்குத் தொடுத்து வென்று பெருந்தொகை நஷ்டஈடு பெற்றது நாடெங்கும் போலீஸ் அதிகாரிகளை உலுக்கியது. அதே சமயத்தில் மினியாபோலிஸ் நகரத்தில் லாரன்ஸ் ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் ஒரு விநோதமான பரிசோதனை நடத்தினார்கள். அடிதடி என்று அழைப்பு வந்த வீட்டில் என்ன செய்வதென்பதைப் போலீஸ்காரர் தம் இஷ்டப்படி தீர்மானிக்கக்கூடாது. கையிலுள்ள படிவக் கட்டில் மேல் தாளின் நிறம் எதுவோ அதன்படி, கைது செய்யவேண்டும், அல்லது புத்திமதி சொல்லவேண்டும், அல்லது எட்டு மணி நேரம் வெளியே அனுப்பவேண்டும். இப்படி ஆராய்ந்த 314 சம்பவங்களில், ஆறு மாதத்துக்குள் மறுபடி அடித்தவர்கள், கைதானோரில் 100-க்கு 10, புத்திமதி கேட்டோரில் 19, வெளியே அனுப்பப்பட்டோரில் 24. 1984-இல் முடிவு வெளியானதும், கைதே மருந்து என்று மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றின.

மருந்து எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மில்வாக்கி நகரத்தில் மறுபடி சோதித்தபோது, வேலையற்ற ஆண்களைக் கைது செய்தால் அவர்கள் திரும்பி வந்து முன்னைவிட மிகுதியாக அடித்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஷெர்மன் அதே பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, கணவன் எச்சரிக்கப்பட்ட பெண்களைவிட, கணவன் கைதான பெண்களிடையே, பல்வேறு நோய்களால் நேர்ந்தவற்றையும் சேர்த்து, சாவு 100-க்கு 64 மிகுதி. கனெக்டிகட்டில் வேறு விபரீதம் நேர்ந்தது. கட்டாயக் கைதுச் சட்டம் 1986-இல் வந்தபின், வீட்டுக்குள் நுழைந்த போலீஸ்காரர், அவன் முகத்தில் நகக்கீறலும் அவள் முகத்தில் வீக்கமும் கண்டு, யார் முதலில் என்று ஆராயப் பொறுமையின்றி இருவரையும் விலங்கிட்டு ஏற்றினார். பெண்களின் வன்முறை பெருகிவிட்டதென்று அக்காலத்தில் சிலர் காட்டிய புள்ளிவிவரத்தில் ஒரு பங்கு, பெருகியது பெண்ணின் வன்முறையன்று, போலீஸ்காரரின் விலங்கு என்பதால் வந்தது. தன்னைக் காக்க அழைத்தவளே கைதியானால், மறுமுறை அவள் அழைக்கமாட்டாள். பிறகு மிஞ்சுவது அந்தச் சமையலறைதான். முதன்மையாகத் தாக்கியவர் யாரென்று கண்டறிந்தே கைது செய்யவேண்டும் என்று மாகாணங்கள் பின்னர்த் திருத்தம் செய்தன.

இந்த விஷயத்தில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் திகைக்கவைத்தது ஒரு கணக்கு. 1976-இல் அமெரிக்காவில் மனைவி, முன்னாள் மனைவி, காதலி ஆகியோர் கையால் மாண்ட ஆண்கள் ஏறத்தாழ 1,350 பேர். அவ்வாறே ஆண்களால் மாண்ட பெண்கள் சுமார் 1,600. வேறெந்த மேல்நாட்டிலும் இவ்விரு எண்களும் இவ்வளவு நெருங்கி இருந்ததில்லை. 1998-இல் மாண்ட ஆண்கள் சுமார் 510, பெண்களோ 1,300. இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நடந்தது என்ன? லண்டனில் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி 1971-இல் திறந்த புகலிடத்தைப் போன்ற இல்லங்கள் அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் எழுந்தன, தொலைபேசியில் அழைத்தால் பதில் சொல்ல ஆள் இருந்தது, நீதிமன்றத்துக்குத் துணை வர வழக்கறிஞர் கிடைத்தார், விவாகரத்து எளிதாயிற்று. ஏஞ்ஜெலா பிரவுனும் கெர்க் வில்லியம்ஸும் மாகாணங்களை ஒப்பிட்டு 1989-இலும், லாரா டூகன் குழுவினர் 29 பெருநகரங்களை ஒப்பிட்டு 1999-இலும் கண்டது, இந்த உதவிகள் மிகுந்த இடங்களில் கணவனைக் கொல்லும் மனைவியர் குறைந்தார்கள் என்பது. மனைவியரைக் காப்பதற்கென்று கட்டிய வீடுகள், மனைவியரைக் காத்ததைவிடக் கணவன்மாரையே மிகுதியாகக் காத்துவிட்டன. ஆண் பெரும்பாலும் கொல்வது அவள் போய்விடுகிறாளே என்பதற்காக; பெண் கொல்வது போக முடியவில்லையே என்பதற்காக. கதவைத் திறந்தால் இரண்டாவது வகை குறையும். முதல் வகை குறையாது, சில சமயம் கூடியும் விடும். புகலிடங்களுக்கு நன்கொடை கேட்டு வருவோர் இந்தக் கணக்கை ஆண்களிடம் காட்டலாம் என்று எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவதுண்டு.

கிராலி வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992 ஜூலையில் எடுத்துக்கொண்டது. ஸௌதால் கறுப்புச் சகோதரிகள் என்னும் பெண்கள் அமைப்பு மூன்றாண்டுகள் தெருவிலும் நீதிமன்ற வாயிலிலும் நின்று போராடியதன் பயன் அது. தலைமை நீதிபதி டெய்லர் பிரபு, திடீர்ச் சினம் என்ற பழைய இலக்கணத்தை நீக்கிவிடவில்லை. தாமதம் ஒன்றே வாதத்தை அழித்துவிடாது என்ற அளவுக்கு இளக்கினார். கடுமையான மனச்சோர்வு நோய்க்குக் கிரண்ஜித் ஆளாகியிருந்தார் என்ற மருத்துவ அறிக்கை முதல் விசாரணைக்கு முன்பே இருந்தும் பயன்படுத்தப்படவில்லை என்பதைக் கண்டு மறுவிசாரணைக்கு அனுப்பினார். செப்டம்பரில், பொறுப்புணர்வு குன்றிய நிலையில் நிகழ்ந்த மரணம் என்று ஏற்கப்பட்டு, ஏற்கெனவே சிறையில் கழித்த மூன்றாண்டு நான்கு மாதங்களே தண்டனையென விடுவிக்கப்பட்டார். ‘திடீர்’ என்ற சொல்லை இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டத்திலிருந்து எடுத்தெறிந்தது 2009-இல்.

நம் நாட்டில் மகளிருக்கென முதல் போலீஸ் நிலையம் 1973-இல் கோழிக்கோட்டில் திறந்தது. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிற்று. இவற்றின் பயன்பற்றி ஆராய்ச்சி ஒருமுகமாக இல்லை. ஹரியானாவில் ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸல், தனி நிலையம் வந்தபின் சாதாரண நிலையத்தார் பெண்களைக் கையைக் காட்டித் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று கண்டார். மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடத்தி 2022-இல் வெளியான ஆய்விலோ, சாதாரண நிலையத்துக்குள்ளேயே பெண்களுக்கென ஒரு மேசை போட்டு, அதில் உட்கார்பவருக்குப் பயிற்சியும் கொடுத்தபோது, புகார்கள் எழுத்தில் ஏறுவது கூடிற்று. அந்த மேசையில் பெண் அதிகாரி இருந்தால் இன்னும் கூடிற்று. பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை, எழுதினார்கள், அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன், தொலைந்துபோன வங்கிப் புத்தகத்துக்குச் சான்று வாங்க ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சின் மறுகோடியில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணின் கீழ் மஞ்சள் பூத்த பழைய காயம், அதன்மேல் புதிதாக ஒன்று. ரைட்டர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்தவர், அவளை ஏறிட்டுப் பார்த்து, “என்னம்மா, மறுபடியுமா? சரி, நாளைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, பேசிடலாம்” என்றார். குரலில் கடுமை இல்லை. அலுப்பும் ஒருவகைக் கருணையும் இருந்தன. அவள் எழுந்திருக்கவில்லை.

“போன தடவ சொன்னத எழுதி வச்சீங்களா சார்?” என்று கேட்டாள்.

“பேசி அனுப்பிச்சோம்ல. அப்புறம் எதுக்கு எழுதணும்?”

“இந்தத் தடவ எழுதிக்குங்க சார். அவரக் கூப்பிட வேணாம். எழுதி மட்டும் குடுங்க.”

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் அங்கே இருந்ததாலோ என்னவோ, பதிவேட்டை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார். பெயர், ஊர், தேதி, எத்தனை மணிக்கு, எதனால் அடித்தான் என்று அவர் கேட்கக் கேட்க, அவள் ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ‘கரண்டிக் காம்பு’ என்று சொன்னதை அவர் ‘கட்டை’ என்று எழுதப் போக, “கரண்டிதான் சார்” என்று திருத்தினாள். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதை இரண்டு தரம் படித்து, நாலாக மடித்து, குழந்தையின் தடுப்பூசி அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக இறங்கிப் போனாள்.